டிஸ்க் போனால் யார் சொல்வார்கள்? சர்வரில் ரெய்டு மேலாண்மை மென்பொருள் நிறுவிய அனுபவம்

ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு) போட்ட சர்வரில் ஒரு டிஸ்க் செத்துப்போனால் வெளியே எதுவும் தெரியாது. கோப்புகள் திறக்கும், டேட்டாபேஸ் பதில் சொல்லும், யாரும் போன் செய்து புகார் சொல்ல மாட்டார்கள். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரே வந்தது. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்கக்கூடாது என்பது அன்றிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை. வேலை நிற்காததால்தான் டிஸ்க் போனது யாருக்கும் தெரியாமல் போகிறது. அந்தச் செய்தியை ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ரெய்டு மேலாண்மை மென்பொருளின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். அரே (இப்படிச் சேர்த்த டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்குவது, நீக்குவதெல்லாம் அப்புறம்தான். அவற்றை பூட் ஆகும்போது வரும் திரையிலேயே செய்துகொள்ளலாம்.

எனக்கு முன்னால் வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லினக்ஸ் சர்வர் என் பொறுப்புக்கு வந்தது. எட்டு டிஸ்க், ரெய்டு 6, அவற்றை நிர்வகிக்க மெகாரெய்டு வகை கார்டு. சர்வர் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் பேச்சு இருந்தது. தினமும் காலையில் அதிலிருந்து ஒரு மெயில் வரும்: "ரெய்டு நிலை: சரி." அந்த மெயிலை அனுப்பும் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். ஒரு கமாண்டை ஓட்டி, வருகிற பதிலில் 'ஃபெயில்டு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுகிறது. இல்லையென்றால் 'சரி' என்று எழுதி அனுப்புகிறது. ஆனால் அந்தக் கமாண்ட் அந்த சர்வரில் இல்லவே இல்லை. எப்போதோ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது மென்பொருள் போய்விட்டது, ஸ்கிரிப்ட் மட்டும் பேக்கப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. கமாண்ட் இல்லாததால் பதில் காலி. காலியான பதிலில் 'ஃபெயில்டு' எப்படி இருக்கும்? அதனால் தினமும் 'சரி'.

மென்பொருளைத் திரும்ப நிறுவ வேண்டும், அதுவும் கவனமாக. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அது. எதையும் தொடுவதற்கு முன் பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் பார்த்தேன். ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் எல்லா டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழிந்துவிடும்.

அடுத்து கார்டு எதுவென்று உறுதி செய்ய வேண்டும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கமாண்ட் சொல்லிவிடும். இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. மெகாரெய்டு கார்டுகளைச் செய்த எல்எஸ்ஐ நிறுவனத்தை 2014இல் அவாகோ வாங்கியது. 2016இல் அவாகோ பிராட்காமை வாங்கி, பிராட்காம் என்ற பெயரையே வைத்துக்கொண்டது. அதனால் ஒரே கார்டுக்கான ஆவணங்கள் மூன்று பெயர்களில் கிடைக்கும். பழைய ஆவணங்களில் மெகாசிஎல்ஐ என்ற கருவி வரும்; அதற்குப் பின் வந்தது ஸ்டோர்சிஎல்ஐ; 9600 வரிசைக் கார்டுகளுக்கு ஸ்டோர்சிஎல்ஐ2. டெல் சர்வரில் பெர்க் கார்டு என்றால் பெர்க்சிஎல்ஐ. அதன் கமாண்டுகள் ஏறக்குறைய ஸ்டோர்சிஎல்ஐ போலவேதான். ஹெச்பிஇ ஸ்மார்ட் அரே கார்டு என்றால் எஸ்எஸ்ஏசிஎல்ஐ, அதன் பாணி முற்றிலும் வேறு. எந்தக் குடும்பத்துக் கார்டு என்று தெரியாமல் இறக்கி நிறுவினால், மென்பொருள் கார்டையே கண்டுபிடிக்காது.

நிறுவுவது எளிது. ஆர்பிஎம், டெப் இரண்டு வகையிலும் பேக்கேஜ் இருக்கிறது. கார்டுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருப்பதால் தனியாக எதுவும் தேவையில்லை, ரீபூட்டும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேக்கேஜ் கருவியை ஆப்ட் டைரக்டரிக்குள் மெகாரெய்டு என்ற டைரக்டரியில் வைக்கும். அந்த இடம் வழக்கமான தேடல் பாதையில் இல்லை. டெர்மினலில் வசதிக்காக ஏதாவது மாற்றுப்பெயர் வைத்துக்கொண்டு வேலை செய்து பழகிவிடுவோம்; ஆனால் குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானுக்கு அந்த மாற்றுப்பெயர் தெரியாது. ஸ்கிரிப்டில் எப்போதும் முழுப் பாதையை எழுதுங்கள். ரூட் அனுமதியும் வேண்டும்.

முதல்முறை ஓட்டியபோது திரையில் வந்த அட்டவணை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏழு டிஸ்க்குகளுக்கு நேரே 'ஆன்லைன்'. ஒன்று மட்டும் இல்லை. எல்லாம் சேர்ந்து இயங்குதளத்துக்கு ஒரே டிஸ்க்காகத் தெரியும் வெர்ச்சுவல் டிஸ்க்கின் நிலை 'பார்ஷியலி டிகிரேடட்'. ரெய்டு 6இல் இரண்டு டிஸ்க்வரை இழக்கலாம். ஒன்று போனால் இந்த நிலை, இரண்டு போனால் 'டிகிரேடட்', மூன்றாவதும் போனால் தரவு போச்சு. பேட்டரி வரியிலும் கோளாறு. மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதற்குக் காரணம் அங்கே இருந்தது.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். கார்டில் கேஷ் நினைவகம் இருக்கிறது. 'ரைட் பேக்' முறையில், எழுத வேண்டியது கேஷுக்கு வந்தவுடனேயே கார்டு "எழுதிவிட்டேன்" என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். டிஸ்க்கில் பிறகு எழுதும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கேஷில் இருப்பதைக் காப்பாற்றத்தான் பேட்டரி. புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கபாசிட்டர் இருக்கும். மின்சாரம் போனதும் கேஷில் உள்ளதை ஃபிளாஷில் இறக்கி வைத்துக்கொள்ளும். பேட்டரி கெட்டுவிட்டால் கார்டு தானாகவே 'ரைட் த்ரூ' முறைக்கு மாறிவிடும். அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில். பாதுகாப்பான முடிவுதான், ஆனால் ரெய்டு 5, 6இல் சிறிதளவு எழுதும்போதெல்லாம் பாரிட்டியையும் (போன டிஸ்க்கின் தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) படித்து, கணக்கிட்டு, எழுத வேண்டும் என்பதால் வேகம் படுத்துவிடும். நாம் வைத்த அமைப்பு வேறு, இப்போது நடப்பில் இருக்கும் முறை வேறு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அமைப்பில் 'ரைட் பேக்' என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

பேட்டரி இல்லாவிட்டாலும் 'ரைட் பேக்' முறையிலேயே ஓடு என்று வற்புறுத்தும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. வேகத்துக்காக அதைப் போடச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். தரவு முக்கியம் என்றால் போடாதீர்கள். ஒரே ஒரு மின்வெட்டில் ஃபைல்சிஸ்டம் சிதைந்துபோகலாம். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் சொந்த கேஷையும் அணைத்து வையுங்கள். கார்டின் பேட்டரி அதைக் காப்பாற்றாது.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். கார்டின் நிகழ்வு லாகைப் படித்தால் டிஸ்க் எப்போது போனது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் லாகில் சில வரிகளில் தேதிக்குப் பதில் 'கடைசி ரீபூட்டிலிருந்து இத்தனை நொடி' என்று மட்டும் இருக்கும். டிரைவர் ஏறி நேரத்தைச் சொல்லும்வரை கார்டுக்கு நேரம் தெரியாது, அதனால் அப்படி. மென்பொருள் நிறுவியவுடன் கார்டின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிறகு சர்வர் லாகையும் கார்டு லாகையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியாது.

போன டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் நான் வேறொன்றைப் பார்த்தேன்: மிச்சமிருக்கும் ஏழின் பிழைக் கணக்கு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'மீடியா எரர்', 'அதர் எரர்', 'ப்ரெடிக்டிவ் ஃபெயிலியர்' என்று எண்ணிக்கை இருக்கும். ஒரு டிஸ்க்கில் மீடியா எரர் ஏற ஆரம்பித்திருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், ரீபில்டு (போன டிஸ்க்கின் தரவைப் புது டிஸ்க்கில் திரும்ப உருவாக்குவது) நடக்கும்போது மிச்சமுள்ள டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். பல மாதங்கள் யாரும் தொடாத இடங்களையும் சேர்த்து. சாதாரண டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில், 10இன் 14ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். அது சுமார் 12.5 டெராபைட். சர்வர் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 10இன் 15ஆம் அடுக்கு. இது உற்பத்தியாளர் தரும் வரம்புதான், நிஜத்தில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போன நிலையில் இன்னொன்றில் படிக்க முடியாத இடம் வந்தால், அந்த இடத்தைத் திரும்பக் கணக்கிட வழியே இல்லை. ரெய்டு 6இல் இன்னொரு பாரிட்டி கைவசம் இருக்கிறது. பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5 வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கழற்றும்போது சரியான டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். அட்டவணையில் ஒரு டிஸ்க்குக்கு என்க்ளோஷர் (டிஸ்க் பெட்டி) எண், ஸ்லாட் எண், டிவைஸ் எண் என்று மூன்று இருக்கும். கமாண்டில் கொடுப்பது முதல் இரண்டும். ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைப்பது) எடுக்க ஸ்மார்ட்சிடிஎல் கருவிக்குக் கொடுப்பது மூன்றாவது. ஸ்லாட் எண்ணும் டிவைஸ் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்லாட் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பெட்டியின் முகப்பில் அச்சிட்ட எண் சில நேரம் ஒன்றிலிருந்து தொடங்கும். இதை மறந்தால் பக்கத்து டிஸ்க் கையில் வந்துவிடும். மென்பொருளில் 'லொகேட்' கட்டளை இருக்கிறது, கொடுத்தால் அந்த ஸ்லாட்டின் விளக்கு சிமிட்டும். நான் பக்கத்து ஸ்லாட்டுக்கும் ஒருமுறை கொடுத்து, வேறு விளக்கு சிமிட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டேன். விளக்கு எரியாத பெட்டிகளும் உண்டு. அப்போது அரேயிலிருந்து ஒரு பெரிய கோப்பைப் படிக்க விட்டால் வேலை செய்யும் டிஸ்க்குகளின் விளக்குகள் எல்லாம் மினுமினுக்கும், செத்தது மட்டும் சும்மா இருக்கும். வெளியே எடுத்ததும் சீரியல் எண்ணை அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

புது டிஸ்க் பழையதின் அளவாவது இருக்க வேண்டும். செக்டர் அளவும் ஒத்துப்போக வேண்டும்: 512 பைட் அரேயில் 4கே நேட்டிவ் டிஸ்க்கைச் சேர்க்க முடியாது. மேசை கணினிக்கான டிஸ்க்கை வாங்கி வந்து போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். படிக்க முடியாத இடம் வந்தால் அது விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். ரெய்டுக்கான டிஸ்க்குகள் பொதுவாக 7 நொடியில் கைவிட்டு, பிழையைச் சொல்லிவிடும், மிச்சத்தை கார்டு பார்த்துக்கொள்ளும். பதில் வராமல் நீண்டால் நல்ல டிஸ்க்கையே கார்டு வெளியே தள்ளிவிடும். கார்டு இல்லாமல் இயங்குதளமே நடத்தும் லினக்ஸ் மென்பொருள் ரெய்டிலும் இதே சிக்கல்தான். கெர்னல் வழக்கமாக 30 நொடி பொறுத்துப் பார்க்கும்.

நான் போட்ட டிஸ்க் வேறொரு சர்வரில் முன்பு இருந்தது. அதனால் மென்பொருள் அதை 'ஃபாரின்' என்று காட்டியது. பழைய அரேயின் விவரம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும் என்பதால் அப்படி. இங்கே இரண்டு தேர்வு: 'இம்போர்ட்', 'கிளியர்'. உதிரியாக வந்த டிஸ்க்கை 'கிளியர்' செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கட்டளை எல்லா ஃபாரின் டிஸ்க்குகளையும் சேர்த்தே துடைக்கும் என்பதால், பட்டியலில் அந்த ஒன்று மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுத்தேன். ரீபில்டு தொடங்கியது. வேகம் வழக்கமாக 30 சதவீதத்தில் இருக்கும். இரவில் கூட்டி, பகலில் குறைத்தேன். நடுவில் லாகில் இப்படி ஒரு வரி வந்தது: மீட்கும்போது மீடியா எரர் ஒன்று திருத்தப்பட்டது. மீடியா எரர் ஏறிக்கொண்டிருந்த அதே டிஸ்க்தான். ரெய்டு 5ஆக இருந்திருந்தால் அந்த இடத்துத் தரவு திரும்பியிருக்காது. ரீபில்டு முடிந்து 'ஆப்டிமல்' (எல்லாம் சரி) வந்ததும் அந்த டிஸ்க்கையும் மாற்றினேன்.

இதைத் தடுக்கத்தான் 'பேட்ரோல் ரீட்' என்ற ஏற்பாடு. சர்வர் சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க்குகள் முழுவதையும் படித்துப் பார்த்து, கெட்ட இடத்தை முன்கூட்டியே சரிசெய்யும். வழக்கமான இடைவெளி 168 மணி நேரம், அதாவது வாரம் ஒருமுறை. அந்த சர்வரில் யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள், வேகம் குறைகிறதே என்று அணைத்திருக்கலாம். பாரிட்டி பொருந்துகிறதா என்று பார்க்கும் 'கன்சிஸ்டென்சி செக்' வேறு வேலை, அதையும் ஓட விடுங்கள். இரண்டும் ஒரே இரவில் பேக்கப்போடு மோதாமல் நாளை மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

அலாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்டில் பஸர் இருக்கிறது, டிஸ்க் போனால் கத்தும். அதை நிறுத்த 'சைலன்ஸ்', 'ஆஃப்' என்று இரண்டு கட்டளைகள். 'சைலன்ஸ்' இப்போதைய சத்தத்தை மட்டும் நிறுத்தும், அடுத்த டிஸ்க் போனால் மறுபடி கத்தும். 'ஆஃப்' போட்டால் அதற்குப் பிறகு எந்த டிஸ்க் போனாலும் சத்தம் வராது. நான் பார்த்தபோது 'ஆஃப்' நிலையில் இருந்தது.

வரைகலை மென்பொருளும் வேண்டுமா என்று கேட்பார்கள். பழைய மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜர் ஜாவாவில் எழுதியது. லினக்ஸில் அதன் நிறுவல் ஸ்கிரிப்ட் சி-ஷெல்லில் இருப்பதால் முதலில் அந்த ஷெல்லை நிறுவிக்கொள்ள வேண்டும். சர்வரில் முழுதாகப் போடாமல் சர்வர் பகுதியை மட்டும் போட்டு, பார்க்கும் திரையை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு 3071, 5571 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் வந்த எல்எஸ்ஐ ஸ்டோரேஜ் அத்தாரிட்டி பிரவுசரில் திறக்கும், வழக்கமான போர்ட் 2463. எதுவானாலும் உள்ளே நுழைவது இயங்குதளத்தின் ரூட் கடவுச்சொல்லோடு. அங்கிருந்து ஒரே கிளிக்கில் அரேயையே அழிக்கலாம். இணையத்துக்கு ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள். எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாகப் பாருங்கள். என் சர்வர்களில் கட்டளைக் கருவி மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் அப்டேட் செய்ய வேண்டிய வெப் சர்வர் ஒன்று குறைகிறது.

எச்சரிக்கை ஸ்கிரிப்டைப் புதிதாக எழுதினேன். கெட்ட சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு நல்லதை எண்ணச் சொன்னேன். எட்டு டிஸ்க் 'ஆன்லைன்' இருக்க வேண்டும், ஒரு வெர்ச்சுவல் டிஸ்க் 'ஆப்டிமல்' இருக்க வேண்டும், பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒத்துவராவிட்டாலோ, கமாண்ட் ஓடாவிட்டாலோ, பதில் காலியாக வந்தாலோ எச்சரிக்கை. ஸ்டோர்சிஎல்ஐ கட்டளையின் கடைசியில் ஜே என்ற எழுத்தைச் சேர்த்தால் பதில் ஜேசன் வடிவில் வரும், அட்டவணையை வெட்டி ஒட்டிப் படிக்கத் தேவையில்லை. அப்புறம், ஸ்கிரிப்ட் தினமும் வேறொரு இயந்திரத்துக்கு 'ஓடினேன்' என்று தகவல் அனுப்பும். அந்தத் தகவல் வராவிட்டால் அந்த இயந்திரம் எச்சரிக்கும். சர்வரின் மெயில் வழி அடைபட்டாலும் இதனால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் நிஜமாகவே செய்தி வருகிறதா என்று பார்க்காமல் நான் திருப்திப்பட மாட்டேன். புது சர்வர் என்றால் தரவு ஏறுவதற்கு முன்பே ஒரு டிஸ்க்கை மென்பொருள் வழியாக 'ஆஃப்லைன்' ஆக்கிவிடுவேன். மெயில் வருகிறதா, பஸர் கத்துகிறதா, ஹாட் ஸ்பேர் (தயாராகக் காத்திருக்கும் உதிரி டிஸ்க்) தானாக வேலையை எடுத்துக்கொள்கிறதா, ரீபில்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்யக் கூடாது. அங்கே ஸ்கிரிப்டில் எதிர்பார்க்கும் எண்ணை எட்டிலிருந்து ஒன்பதாக மாற்றினால் போதும், எச்சரிக்கை வந்தாக வேண்டும்.

லினக்ஸ் மென்பொருள் ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு அதை நிர்வகிக்கும் எம்டிஅட்மின் கருவியிலேயே கண்காணிப்பு இருக்கிறது, சோதனை மெயில் அனுப்பும் தேர்வும் உண்டு. அமைப்புக் கோப்பில் மெயில் முகவரி ரூட் என்றே விட்டிருந்தால், மெயில் அதே சர்வரின் உள்பெட்டியில் போய் விழும், யாரும் படிக்க மாட்டார்கள். அரே விவரத்தை அமைப்புக் கோப்பில் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல்சிஸ்டம்) புதுப்பித்தும் விடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் அரே எம்டி127 என்ற பெயரில் வந்து நிற்கும்.

கடைசியாக, கார்டே போனால் என்ன என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். கார்டு மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஸ்லாட் வாரியாக டிஸ்க் சீரியல் எண், கருவியிலிருந்து எடுத்த அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் வேறொரு இயந்திரத்தில் வைத்திருக்கிறேன். அட்டவணையின் அச்சுப் பிரதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதே குடும்பத்துக் கார்டு ஒன்றைப் போட்டால் எட்டு டிஸ்க்கும் 'ஃபாரின்' என்று வரும். இப்போது செய்ய வேண்டியது 'இம்போர்ட்'. 'கிளியர்' கொடுத்தால் அரே விவரமே போய்விடும். இம்போர்ட்டுக்கு முன் 'பிரிவியூ' கொடுத்து, எட்டும் ஒரே அரேயாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஏழுதான் தெரிந்தால் இம்போர்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு, எட்டாவது டிஸ்க்கின் கேபிளையும் ஸ்லாட்டையும் முதலில் பாருங்கள்.